புக்கிட்டிங்கியில் இரண்டு இரவு: ஒரு வார இறுதித் திட்டத்தின் நிறையும் குறையும்

மேற்குச் சுமத்ராவின் மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 930 மீட்டர் மேலே அமைந்த சின்ன நகரம் புக்கிட்டிங்கி. மொத்தப் பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறக்குறைய 1,21,000 பேர். தென்கிழக்கே மராப்பி எரிமலை, தென்மேற்கே சிங்காலாங் மலை, மேற்கு ஓரத்தில் சியானோக் என்னும் ஆழமான பள்ளத்தாக்கு. நடுவில் இருக்கும் மேட்டில் சந்தையும் கடிகாரக் கோபுரமும். வெள்ளிக்கிழமை மாலையில் இந்த ஊரை நோக்கி மூன்று பக்கத்திலிருந்து ஆட்கள் கிளம்புகிறார்கள். ஒரு கூட்டம் கடற்கரையில் இருக்கும் மாகாணத் தலைநகர் படாங்கிலிருந்து. இன்னொன்று, கிழக்கே பக்கத்து மாகாணமான ரியாவின் தலைநகர் பெக்கன்பாருவிலிருந்து. இரண்டுமே வெக்கைக்குப் பேர்போன தாழ்நில ஊர்கள். மூன்றாவது கூட்டம் கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறி வருவது. மேற்குச் சுமத்ராவுக்கு வரும் வெளிநாட்டவரில் மலேசியர்களே அதிகம். மலேசியத் தமிழர்களுக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இது விசா வேண்டாத பக்கத்து மலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வந்திறங்கிய இடத்திலேயே 5,00,000 ரூப்பியா கட்டி விசா பெறலாம்.

இவர்களுக்காகவே பயண முகவர்கள் விற்கும் சரக்குக்குப் பெயர் ‘3 நாள் 2 இரவு’. சொந்தக் காரில் வரும் குடும்பங்களும் முகவரிடம் போகாமலே அதே திட்டத்தைத்தான் போட்டுக்கொள்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, மூன்று நாளுக்கும் பங்கிட்டு, இடையிடையே சாப்பாட்டுக் கடைகளைச் செருகுவது அதன் முறை. இந்தோனேசியாவின் சிறு நகரங்கள் பலவற்றுக்கும் வார இறுதித் திட்டம் இப்படித்தான் போடப்படுகிறது. புக்கிட்டிங்கியில் அதன் நன்மையும் கோளாறும் மற்ற ஊர்களைவிடப் பளிச்சென்று தெரிகின்றன. ஊர் மிகச் சிறியது, அதற்கு வரும் சாலை மிகக் கடினமானது என்பதே காரணம்.

குளிருக்காக இந்த மேட்டுக்கு ஏறும் பழக்கம் புதிதல்ல. இஸ்லாமியச் சீர்திருத்தவாதிகளான பத்ரிகளோடு நடந்த பத்ரிப் போரின்போது, 1825இல், டச்சுக்காரர்கள் இங்கே ஒரு குன்றின்மேல் கோட்டை கட்டினார்கள். ஃபோர்ட் டி காக் என்ற அதன் பெயரே காலனிக் காலம் முழுவதும் ஊரின் பெயராகவும் இருந்தது. 1891இல் ரயிலும் வந்து சேர்ந்தது. லெம்பா அனாய்ப் பள்ளத்தாக்கின் செங்குத்தில் ஏறுவதற்காகப் பற்சக்கரப் பாதை போடப்பட்டிருந்தது. அதிகாரிகளும் வணிகர்களும் குடும்பத்தோடு மலையேறி ஓய்வெடுத்துப் போக அந்த ரயில் வசதி செய்து கொடுத்தது. இன்று அந்த மலைத் தடத்தில் வண்டி ஓடுவதில்லை. பழைய இருப்புப்பாதைப் பாலங்களை லெம்பா அனாய் அருவிக்குப் பக்கத்தில் சாலையிலிருந்தே பார்க்கலாம். ரயில் போன இடத்தை முழுக்கக் காரும் வேனும் பேருந்தும் பிடித்துக்கொண்டன. இன்றைய வார இறுதித் திட்டத்தின் சிக்கல்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

வழக்கமான திட்டம் இப்படிப் போகும். முதல் நாள் விமான நிலையத்தில் இறங்கியதும் லெம்பா அனாய் அருவி, படாங் பாஞ்சாங்கில் சாத்தே, அங்கேயே, இந்த மலைநாட்டு மக்களான மினாங்கபாவ் இனத்தின் பண்பாட்டு மையத்தில் மரபு உடை அணிந்து படம், இரவு புக்கிட்டிங்கி. இரண்டாம் நாள் காலையில் கடிகாரக் கோபுரம், ஜப்பானியர் சுரங்கம், பள்ளத்தாக்கு. பிற்பகல் கெலோக் 44 என்னும் நாற்பத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள் வழியே மனிஞ்சாவ் ஏரி. மூன்றாம் நாள் ஹராவ் பள்ளத்தாக்கு அல்லது பகருயுங் அரண்மனை. பிறகு பலகாரக் கடை, விமான நிலையம்.

இந்தத் திட்டத்தை எடுத்த எடுப்பிலேயே கேலி செய்வது நியாயமாகாது. மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும் குடும்பத்தில் பாட்டியால் பள்ளத்தாக்கில் இறங்கி ஏற முடியாது. வேனில் உட்கார்ந்தபடி ஏரியைப் பார்த்துவிட்டு வரமுடியும். வண்டி வாடகையைப் பன்னிரண்டு பேர் பங்கிட்டால் தலைக்கு ஆகும் செலவு சொற்பம். மொழி தெரியாதவருக்கு ஓட்டுநரே வழிகாட்டி, பேரம் பேசுபவர், பாதுகாப்பு எல்லாம். அந்தச் சுற்றுவட்டார நிலக்காட்சியும் பொய்யல்ல. எரிமலை வெடித்துக் குழிந்த பெரும் பள்ளத்தில் தேங்கிய மனிஞ்சாவை மேலே உச்சி வளைவில் நின்று பார்ப்பது சுமத்ராவிலேயே சிறந்த காட்சிகளில் ஒன்று. வாழ்நாளில் ஒருமுறைதான் வரப்போகிறோம் என்று நினைப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படுவதில் தப்பும் இல்லை.

கோளாறு கணக்கில் இருக்கிறது. படாங்குக்கு வடக்கே இருக்கும் மினாங்கபாவ் விமான நிலையத்திலிருந்து புக்கிட்டிங்கிக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். சாலை காலியாக இருந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். சனிக்கிழமையோ விடுமுறை நாளோ ஆனால் நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். அருவிக்கு எதிரே சாலையோரமே நிற்கும் கார்கள், ஏற்றத்தில் ஊரும் சரக்கு லாரிகள், நகருக்குச் சற்று முன்னால் படாங் லுவார் காய்கறிச் சந்தை என்று ஒவ்வொன்றும் அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 2025இல் பயன்பாட்டுக்கு வந்த படாங்–சிச்சின்சின் சுங்கச்சாலை சமவெளிப் பகுதியை விரைவாக்கியிருக்கிறது; மலைப்பகுதியை அது தொடவில்லை. பெக்கன்பாருப் பக்கத்திலும் இதே கதைதான். 2013இல் திறக்கப்பட்ட கெலோக் சம்பிலான் மேம்பாலம் பழைய ஒன்பது வளைவுகளின் அவதியைக் குறைத்தது. ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாதையின் பெரும்பகுதியில் ஒரே வரிசையில் நகரும் போக்குவரத்துதான்.

வெள்ளி இரவு வந்து சேர்ந்து, ஞாயிறு நண்பகலில் கிளம்ப வேண்டியவருக்குத் தூக்கம் போக உண்மையாகக் கையில் இருப்பது ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம். மனிஞ்சாவுக்குப் போய்வர மூன்று மணி நேரம், ஹராவுக்கு மூன்று, பகருயுங்குக்கு மூன்று என்று மூன்றையும் சேர்ப்பவருக்கு அதில் பாதி இருக்கையிலேயே கழிகிறது. மீதிப் பாதியில் சாப்பாடு, வண்டி நிறுத்த இடம் தேடல், கழிப்பறை, கூட்டத்தைத் திரட்டி மறுபடி ஏற்றுதல். இடப்பட்டியல் போடுபவர் கிலோமீட்டரைப் பார்க்கிறார். நாற்பது கிலோமீட்டர்தானே என்று தோன்றும். இந்த மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பது வீண். மணியால்தான் அளக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வருபவருக்கு இன்னொரு சின்னக் கண்கட்டு வித்தையும் உண்டு. மேற்கு இந்தோனேசிய நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தின் முடிவில், கிளம்பிய அதே மணிக்கு வந்து இறங்கியதுபோல் இருக்கும். போனஸாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் ஞாயிறு திரும்பும்போது வட்டியில்லாமல் கழிக்கப்பட்டுவிடும். திட்டத்தாளில் இதை எழுதி வைப்பவர் குறைவு.

இப்படிப் பாதி நேரத்தைச் சாலைக்குக் கொடுத்தவர் இழப்பது எது என்று பார்த்தால்தான் திட்டத்தின் பெரிய குறை விளங்கும். அவர் இழப்பது புக்கிட்டிங்கியையே. ஊரை இரவில் தங்கும் இடமாகவும், சுற்றுவட்டாரத்தைப் பார்க்கும் பொருளாகவும் வைப்பதே இந்தத் திட்டத்தின் அடிப்படை. உண்மை நிலவரம் கிட்டத்தட்டத் தலைகீழ். நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள், இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதுமான விஷயம் இந்த மேட்டிலேயே இருக்கிறது.

சனிக்கிழமையிலிருந்து தொடங்கலாம். புக்கிட்டிங்கியின் சந்தை நாட்கள் புதனும் சனியும். வார இறுதிப் பயணிக்கு இது தானாக வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வேனில் ஏறிவிடுகிறார். மேட்டின் மேலே பசார் அத்தே என்னும் மேல்சந்தை. 2017 அக்டோபரில் தீயில் அழிந்து, புதிதாகக் கட்டப்பட்ட அடுக்குமாடி வளாகம் அது. பூத்தையல் துணி, தொழுகை உடை, நினைவுப் பொருட்கள் எல்லாம் அங்கே. சரிவில் படிகள் வழியே இறங்க இறங்கச் சந்தையின் முகம் மாறும். கீழே பசார் பாவாவில் மலைக் காய்கறி, கருவாடு, மிளகாய்க் குவியல்கள். சுற்றிலுமுள்ள நாகரிகளிலிருந்து விவசாயிகள் சரக்கோடு வருவது இந்தக் கீழ்ச்சந்தைக்குத்தான். நாகரி என்பது மினாங்கபாவ் மக்களின் தன்னாட்சிக் கிராம அமைப்பு. மேலே வாங்குபவர்கள் வெளியூரார், கீழே வாங்குபவர்கள் உள்ளூரார். ஒரே சந்தையின் இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே உள்ள படிக்கட்டில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குவது எந்தப் பண்பாட்டு மையத்தையும்விட அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

சரிவிலேயே லோஸ் லம்புவாங் என்னும் சாப்பாட்டுக் கொட்டகை. நாசி கப்பாவ் அங்கேதான். நகருக்குப் பக்கத்திலிருக்கும் கப்பாவ் நாகரியின் சமையல் அது. படாங் உணவகத்தில் தட்டுகள் மேசை முழுக்கப் பரப்பப்படும். தொட்டதற்கு மட்டும் காசு. இங்கே முறை வேறு. அண்டாக்களைப் படிவரிசையாக அடுக்கி, மேலே உயரத்தில் அமர்ந்திருக்கும் பெண்மணி நீளக் கைப்பிடி அகப்பையால் எட்டி அள்ளிப் போடுவார். மாட்டுக்கால் நரம்புக் குழம்பு, முட்டைக் கலவை அடைத்த குடல், பலாக்காயும் முட்டைக்கோசும் காராமணிக்காயும் சேர்ந்த தேங்காய்ப்பால் குழம்பு. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிக் குழம்பு என்று காட்டப்படுவதிலும் இறைச்சியின் சாறோ மீனோ சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சோறும் மிளகாய் சம்பலும் வேகவைத்த மரவள்ளி இலையும்தான் ஓரளவுக்கு நம்பகமானவை, சம்பலில்கூட நெத்தலி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தயிர்ப் பிரியர்களுக்கு வேறொரு ஆறுதல் உண்டு. எருமைப் பாலை மூங்கில் குழாயில் ஊற்றித் தானாகப் புளிக்கவிட்டு எடுக்கும் தாடியாவை, அவல் போன்ற நசுக்கிய அரிசியோடும் பனைவெல்லப் பாகோடும் கலந்து தருவார்கள். உறை ஊற்றாமலே கட்டித் தயிராகிவிடும் இந்தச் சரக்கு சந்தையில் காலையில்தான் நன்றாகக் கிடைக்கும். பிற்பகலில் ஏரியிலிருந்து திரும்பி வந்து தேடுபவருக்குக் காலி மூங்கில்தான்.

கடிகாரக் கோபுரமான ஜாம் கடாங் 1926இல் கட்டப்பட்டது. உயரம் 26 மீட்டர். உச்சியில் முதலில் சேவல் உருவம் வைத்த வட்டக் கூரை. ஜப்பானிய ஆட்சியில் அதற்குப் பதில் ஜப்பானியக் கோயில் பாணிக் கூரை. விடுதலைக்குப் பின் மினாங்கபாவ் வீட்டின் எருமைக்கொம்புக் கூரை. மூன்று ஆட்சியும் கோபுரத்தின் தலையை மட்டும் மாற்றிப் போனது ஊர் வரலாற்றுக்கு நல்ல சுருக்கம். வழிகாட்டிகளோ கடிகார முகப்பில் நான்காம் எண் நான்கு கோடுகளாக எழுதப்பட்டிருப்பதற்குத்தான் விதவிதமான மர்மக் கதைகள் சொல்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய கடிகாரங்களில் அது வழக்கமான எழுத்துமுறை. மர்மம் எதுவும் இல்லை. சனி இரவில் கோபுரத்தடியில் கார்ட்டூன் வேடமிட்ட ஆட்கள் குழந்தைகளை வளைத்துப் படம் எடுக்கச் சொல்லிக் காசு கேட்பார்கள். அதே சதுக்கத்தில் காலை ஆறரை மணிக்கு நின்றால் உடற்பயிற்சி செய்யும் முதியவர்களும், வானம் தெளிவாக இருந்தால் மராப்பி முழு உருவமும் தெரியும்.

இறங்கிப் பார்க்க வேண்டியது ஜப்பானியர் சுரங்கம். 1942க்கும் 1945க்கும் இடையே, ரோமுஷா எனப்படும் கட்டாய உழைப்பாளிகளை வைத்துப் பாறையைக் குடைந்து எடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் கிளை கிளையாகப் பிரியும் வெறும் சுரங்கவழி. சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்களின் வரலாற்றை அறிந்தவருக்கு அதே ஆட்சியின் இன்னொரு முகத்தை இங்கே அடையாளம் காண்பது கடினமல்ல. திட்டத்தாள் இதற்கு ஒதுக்குவது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் கிடைப்பது பேய்க்கதை மட்டும். முகமது ஹத்தா 1902இல் பிறந்த வீடு (இப்போதிருப்பது மீண்டும் கட்டியது) கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரம். சுதந்திர இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் அவர். 1948 டிசம்பரில் டச்சுப் படை யோக்யகர்த்தாவைப் பிடித்துச் சுகர்னோவையும் அவரையும் சிறைப்படுத்தியபோது, புக்கிட்டிங்கியிலிருந்த ஷாஃப்ருதீன் பிரவிரநகரா மேற்குச் சுமத்ராவின் உள்நாட்டில் அவசரகால அரசை அமைத்து, குடியரசு முடிந்துவிடவில்லை என்று காட்டினார். சுற்றுலாத் தாள்களில் இந்தச் செய்திக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

பாதி நாளைக் கொடுக்கத் தகுந்தது சியானோக்கைக் கடந்து கோத்தா கடாங்குக்கு நடப்பது. சுமத்ராவின் முதுகெலும்பு நீளத்துக்கு ஓடும் பெரும் நிலப்பிளவு இந்தப் பள்ளத்தாக்கின் வழியே போகிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய வெண்சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக நிற்க, கீழே ஆறு, அதன் கரையில் பச்சை மிளகாய் வாத்துக் கறிக் கடைகள். அக்கரையில் ஏறும் படிவரிசைக்குச் சீனப் பெருஞ்சுவரின் பெயரைச் சூட்டி விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஒப்பீட்டை நம்பிப் போகிறவர் ஏமாறுவார், மேலே உள்ள ஊருக்காகப் போகிறவர் ஏமாறமாட்டார். இந்தோனேசிய விடுதலைத் தலைவர் அகுஸ் சலீம் பிறந்த கோத்தா கடாங் அது. ரோஹானா குடுஸ் 1911இல் பெண்களுக்காக அங்கே தொடங்கிய அமாய் செத்தியா கைவினைச் சங்கத்தின் கட்டடம் இன்றும் இருக்கிறது. வெள்ளிக் கம்பி வேலையும் பூத்தையலும் அந்த ஊரின் தொழில். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். பிற்பகல் மழை இங்கே அடிக்கடி; ஆண்டின் எந்த மாதத்திலும் குடை வேண்டும்.

ஊருக்குள்ளேயே இரு என்று சொல்வதிலும் குறை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் சந்தையும் சுரங்கமும் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. கோட்டையையும் அடுத்த குன்றிலிருக்கும் உயிரியல் பூங்காவையும் இணைக்கும் தொங்குபாலம் அவர்களைக் கொஞ்ச நேரம் இழுத்து வைக்கும். ஆனால் காலனிக் காலத்துக் கூண்டுகளின் சாயல் மாறாத அந்தப் பூங்கா பெரியவர்களை உற்சாகப்படுத்துவதில்லை. மேடும் படியும் நிறைந்த ஊர், முட்டிவலிக்காரர்களுக்கு நடைப் பயணமே தண்டனை. அவர்களுக்குப் பெண்டி என்னும் குதிரை வண்டி உண்டு என்றாலும் எல்லாச் சரிவிலும் அது ஏறாது. ஆகவே வெளியே ஒரு பயணம் வைப்பது நியாயம். ஒன்று மட்டும். மனிஞ்சாவா, ஹராவா, பகருயுங்கா என்பதை வந்தவரின் விருப்பம் தீர்மானிக்கட்டும். பகருயுங் அரண்மனை 2007இல் மின்னல் தாக்கி எரிந்து மறுபடி எழுப்பப்பட்ட நகல் கட்டடம் என்பதையும், வாடகை உடையில் படம் எடுப்பதே அங்கே முதன்மைத் தொழில் என்பதையும் தெரிந்து போவது நல்லது. அதே தானா தாத்தார் மாவட்டத்தில் தமிழ் வாசகருக்கு வேறொரு கவர்ச்சி உண்டு. பதினான்காம் நூற்றாண்டு மன்னன் ஆதித்தியவர்மனின் காலத்து நீர்க்கால்வாய் ஒன்றைக் குறிக்கும் பண்டார் பாப்பஹாட் கல்வெட்டு, உள்ளூர் எழுத்தோடு தென்னிந்தியக் கிரந்தத்திலும் பொறிக்கப்பட்டது. தென்னாட்டோடு மினாங்கபாவ் நாட்டுக்கு இருந்த தொடர்புக்கு அது ஒரு தடயம்.

எந்த வழியிலும் திட்டமிட முடியாதவையும் உண்டு. நகருக்கு வடக்கே பாத்தாங் பாலுப்பூக் காட்டில் பூக்கும் ரஃப்ளீசியா ஆர்னால்டி, உலகின் மிகப் பெரிய தனிமலர். மொட்டு வளர மாதக்கணக்கு ஆகும், விரிந்தபின் வாழ்வது ஒரு வாரத்துக்குள். இந்தச் சனிக்கிழமை அது பூத்திருக்கும் என்று யாரும் முன்கூட்டி உறுதி தர இயலாது. திட்டத்தாளில் அதை ஏற்றி விற்பது ஏமாற்று வேலை. வந்திறங்கியபின் உள்ளூரில் விசாரித்து, பூத்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போவதே சரி.

எந்த வார இறுதி என்பது, எங்கே போவது என்பதைவிடப் பெரிய கேள்வி. இந்தோனேசியாவில் ஒவ்வோர் ஆண்டின் பொது விடுமுறைகளையும் அவற்றோடு ஒட்டிவரும் கூட்டு விடுப்பு நாட்களையும் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து கையெழுத்திடும் ஆணை அறிவிக்கிறது. வியாழனோ செவ்வாயோ விடுமுறையானால் இடையில் மாட்டிக்கொண்ட நாளையும் சேர்த்து விடுப்பு எடுப்பது நாடெங்கும் வழக்கம். அந்த ஆணையைப் படிக்காமல் பயணச்சீட்டு எடுத்த வெளிநாட்டவர் நான்கு நாள் விடுமுறைக் கூட்டத்தின் நடுவில் வந்து விழுவார். ஈகைத் திருநாள் வாரம் தனி ரகம். பிழைப்புக்கு ஊர்விட்டுப் போவது மினாங்கபாவ் ஆண்களின் பழைய மரபு. பெருநாளுக்கு அவர்கள் சேர்ந்து ஊர் திரும்புகிறார்கள். அப்போது படாங்–புக்கிட்டிங்கிச் சாலையைக் குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு ஒருவழியாக்கும் அளவுக்கு நெரிசல். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். சந்தைக்காகவும் உணவுக்காகவும் வருபவர் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். மற்ற மாதங்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்துவிடும் என்பதால், மதியச் சாப்பாட்டை வழியில் வைத்துக்கொள்பவர் இரண்டு மணிக்குக் கணக்கிட வேண்டும்.

திட்டத்தாள்கள் முழுதாக மறைப்பது ஆபத்தை. மராப்பி 2,891 மீட்டர் உயரம்; ஓர் இரவு தங்கி ஏறி இறங்கிவிடலாம் என்பதால் மாணவர்களின் வார இறுதிகளுக்கு இலக்காக இருந்த மலை அது. 2011 முதலே அது இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்தது. பள்ளவாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்பது எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் பரிந்துரை. ஆனாலும் ஏறுவதற்கு அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டு வந்தது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மலை வெடித்தபோது பதிவு செய்த 75 பேர் மேலே இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். ஓர் அரசு அலுவலகம் போகாதே என்றும் இன்னொன்று சீட்டு வாங்கிக்கொண்டு போ என்றும் சொன்ன நிலைமையில், வார இறுதி என்ற நாள்தான் மலைமேல் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. மலை தன் நேரத்தில் வெடித்தது. அனுமதிச்சீட்டு கிடைப்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் இங்கே கேள்விக்குரியது.

அதன் தொடர்ச்சி சாலையில் வந்தது. வெடிப்புகளில் சரிவுகளில் படிந்த சாம்பலும் பாறையும் 2024 மே 11, சனிக்கிழமை இரவு பெய்த பெருமழையில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லெம்பா அனாயில் சாலையே ஆற்றோடு போனது. ஜூலை வரை அந்த வழி மூடிக் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் சுமத்ராவைத் தாக்கிய பெருவெள்ளம் அதே பள்ளத்தாக்குச் சாலையை மீண்டும் துண்டித்தது. ஆக, இந்த ஊருக்கான எந்தத் திட்டமும் ஒரே சாலையை நம்பக்கூடாது. சிச்சின்சினிலிருந்து மலாலாக் வழியே ஏறும் பாதை இருக்கிறது, செங்குத்தும் மண்சரிவும் அதிகம். மழை இரவில் அதை எடுக்கும் ஓட்டுநரைத் தடுத்து நிறுத்துவதே அறிவு. லுபுக் பாசுங், மனிஞ்சாவ் வழியாக வளைவுகளில் ஏறுவது இன்னொன்று. சுற்று அதிகம், ஆனால் ஏரியும் வழியிலேயே கிடைத்துவிடும்.

இனி ஊரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வார இறுதிக் கூட்டம் புக்கிட்டிங்கிக்குச் சோறு போடுகிறது என்பது மறுக்க முடியாதது. சந்தை வியாபாரி, மரவள்ளிச் சிப்ஸ் பொரிக்கும் குடும்பம், குதிரை வண்டிக்காரர், தையல் பெண்கள், விடுதி ஊழியர் என்று வருமானம் பலர் கைக்குப் பிரிந்து போவது சிறு நகரப் பயணத்தின் உண்மையான சிறப்பு. கடற்கரைச் சொகுசு விடுதியில் செலவழிக்கும் பணம் இப்படிப் பிரியாது. ஆனால் அந்த வருமானம் இரண்டு நாளில் குவிந்து ஐந்து நாள் வற்றுகிறது. இரண்டு நாளில் ஒரு வாரத்தைச் சம்பாதிக்க வேண்டியவர் விலையை ஏற்றுகிறார்; விடுதி அறைக்கு ஒரு விலை வாரநாளில், வேறொரு விலை சனியன்று. அச்சிட்ட சீட்டு இல்லாமல் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிப்பவர்களும், விலைப்பட்டியல் இல்லாத கடைகளும் கிளப்பும் சச்சரவு ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் செய்தியாகிறது. விலையை முன்னரே கேட்டுவிட்டு உட்காருவது பயணிக்குப் பாதுகாப்பு, நேர்மையான கடைக்காரருக்கும் நல்லது. நிலப்பிளவின் விளிம்பில் இருக்கும் ஊர் என்பதால், கூட்டத்துக்காகப் பெருகும் கட்டட நெருக்கமும் சாதாரண விஷயமல்ல: 2007 மார்ச்சில் நடந்த நிலநடுக்கம் இந்த வட்டாரத்தில் பலரைக் கொன்றது, சியானோக்கின் சுவர்களும் சரிந்தன. பள்ளத்தாக்குக் காட்சிக்காக விளிம்பை ஒட்டி எழும் விடுதிகளை விலக்கி, உள்ளே தள்ளி அறை எடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. பார்வை மேடைக்கு நடந்தே போகலாம்.

விடுப்பை நகர்த்த முடிந்தவர் நாட்களையே மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு பிற்பகலில் மேலே ஏறினால் கூட்டம் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கும். அறை விலையும் இறங்கியிருக்கும். அப்படி வருபவர் சனிச் சந்தையை இழப்பார் என்பது உண்மை. ஆனால் திங்கள் மாலை வந்து புதன் பிற்பகல் கிளம்புபவருக்குப் புதன் சந்தை கிடைத்துவிடும். நகர்த்த முடியாதவர்கள், அதாவது பெரும்பான்மையோர், ஞாயிறு இறங்குவதைத்தான் கவனமாக வைக்க வேண்டும். மாலை விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாகப் புக்கிட்டிங்கியை விட்டு நகர்வது மிகையல்ல, மழை பெய்தால் அதுவும் இழுபறிதான். இரவு விமானமானால் காலை உணவு முடிந்ததும் இறங்கிவிட்டு, மிஞ்சும் நேரத்தைப் படாங்கின் பழைய ஆற்றோரத் தெருக்களிலோ கடற்கரையிலோ கழிப்பது நல்ல ஏற்பாடு. மலைச் சாலையில் தாமதமானால் அந்த நேரம்தான் ஈடுகொடுக்கும். ஞாயிறு காலையில் ஹராவுக்கு ஒரு நடை போய்வந்து, அப்படியே விமான நிலையம் போகலாம் என்று எழுதியிருக்கும் தாளில் முதலில் அடிக்க வேண்டிய வரி அதுதான். ஹராவ் கிழக்கே, விமான நிலையம் தென்மேற்கே.